பவானியின் பிறந்தகம்

தமிழ்ச் சொற்களில் சில கப்பலேறிச் சீமைக்குப் போய், வேஷம் மாறித் திரும்பி வந்திருக்கின்றன. 'சோலை' என்பது அவற்றில் ஒன்று. நீலகிரியின் உச்சிப் பள்ளத்தாக்குகளில், மலையின் மடிப்புக்குள் அடர்ந்து நிற்கும் மரக் கூட்டத்தை நம்மவர்கள் சோலை என்று சொல்லக் கேட்ட ஆங்கில அதிகாரிகள், அதை 'ஷோலா' என்று எழுதிக்கொண்டார்கள். தாவர சாஸ்திர நூல்களில் அந்த ஷோலா குடியேறிற்று. இன்றைய தினம் நம் தமிழ்ப் பத்திரிகைகளே 'ஷோலா காடுகள்' என்று அச்சிடுகின்றன. சொந்த வீட்டுப் பிள்ளை தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்க, வீட்டார் "யார் ஐயா நீங்கள்?" என்று கேட்கும் கதைதான்.

சொல் போகட்டும், அதைத் திரும்பத் தமிழாக எழுதிவிடலாம். அந்தச் சொல்லுக்கு உரிய மரங்களையும் நாம் நெடுங்காலம் பிறத்தியார் கண்ணைக் கொண்டே பார்த்து வந்தோம் என்பது, சென்ற மாசி மாதத்தில் அவலாஞ்சிப் பள்ளத்தாக்குக்குப் போய் வந்த பிறகுதான் எனக்கு நன்றாக விளங்கிற்று.

அவ்விடத்துக்குப் போக நேர்ந்தது ஒரு மாணவனால். எங்கள் ஊர் பவானி நீரால் வாழும் ஊர். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்பதுதான் எங்கள் பக்கத்தில் குசலப் பிரச்னம். ஆறுகளைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், கடைசி வரிசைப் பையன் எழுந்து, "மழை நின்று மூன்று மாதம் ஆகிவிட்டதே, ஸார், ஆற்றில் இன்னும் தண்ணீர் வருகிறதே, எங்கேயிருந்து?" என்று கேட்டான். பவானிசாகர் அணையிலிருந்து என்றேன். "அணைக்கு?" என்றான். மலையிலிருந்து என்றேன். "மலையிலும் மழை நின்றுவிட்டதே, ஸார்!" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் பாதிதான் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வனத்துறையாரிடம் அனுமதி பெற்று, பத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் மலையேறியதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

உதகமண்டலத்திலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது அவலாஞ்சி. பெயரைக் கேட்டதும் ஏதோ தோடர் பாஷைச் சொல் என்று பலரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பனிச் சரிவுக்கு வெள்ளைக்காரர் வழங்கும் சொல் அது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மலைப் பக்கம் ஒன்று பெயர்ந்து விழுந்ததைக் கண்டு அவர்கள் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்கு ஏற்ற காரியம் நம் காலத்திலும் நடந்தது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ஆம் தேதியை ஒட்டி இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. எங்கள் ஊர் ஒரு வருஷம் முழுவதும் காணும் மழை அது. மண் பல இடங்களில் சரிந்தது. சோலைக்குள்ளும் சரிந்தது, அதை மறைப்பதற்கில்லை. அந்த வடுக்கள் எதிர்ப் பக்கத்து மலையில் செங்கோடுகளாக இன்னும் தெரிகின்றன.

குந்தா மலைத்தொடர் மேற்கே மதில்போல் நின்று தென்மேற்குப் பருவக் காற்றை மார்பில் ஏற்றுக்கொள்கிறது. அதன் மடியில் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய உயரம். கீழே அவலாஞ்சி, எமரால்டு என்ற இரட்டை ஏரிகள். அவை குந்தா மின்சாரத் திட்டத்துக்காகக் கட்டிய அணைகளின் தேக்கங்கள். மேலே, பார்க்கும் பக்கமெல்லாம் வழுவழுவென்று புல் மூடிய குன்றுகள். அக்குன்றுகள் ஒன்றோடொன்று சேரும் மடிப்புகளில் மட்டும், யாரோ அளந்து வைத்து நட்டதுபோல், கரும்பச்சையான மரத் திட்டுகள். புல் முடியும் இடமும் மரம் தொடங்கும் இடமும் கத்தியால் கோடு கிழித்தாற்போல் இருக்கும். மேலிருந்து பார்த்தால் மரத் தலைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பூக்கோசு போலத் தோன்றுவதால், ஒரு சோலைக்குச் சுற்றுலாக்காரர்கள் 'காலிபிளவர் சோலை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கறிகாய்க் கடைப் பெயர்தான். ஆனால் உவமை பிசகில்லை.

எங்களுக்குத் துணையாக வந்த வனக் காவலர் பக்கத்துப் படுகர் கிராமத்தவர். ஐம்பது வயதிருக்கும். "செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை; ஆனால் சத்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்" என்று பையன்களிடம் சொன்னார். சோலையின் விளிம்பில் குனிந்து நுழைய வேண்டியிருந்தது. நுழைந்த மறுகணமே வெயில் அணைந்தது. வெளியே பனியால் கருகிப் பழுப்பேறிய புல். உள்ளே காலின் கீழ் மெத்தை.

தேக்கையும் மருதத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மரங்கள் முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். வானளாவிய விருக்ஷம் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தோடு நின்றுவிட்டவை. காற்றுக்கு வளைந்து, முறுக்கி, கிளைக்குக் கிளை முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அடிமரத்தைப் பார்க்க வேண்டும்! எங்கள் பையன்கள் மூவர் கைகோத்தும் ஒரு காட்டுநாவலின் அடியைக் கட்டி அணைக்க முடியவில்லை. பட்டை என்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதே அரிது. பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணியின் இடையே சிற்றார்க்கிட் செடிகள், அவற்றின் மேல் தாடிபோல் தொங்கும் மரக்காளான் இனங்கள் என்று ஒவ்வொரு மரமும் ஒரு கிராமத்தையே சுமந்துகொண்டிருக்கிறது. நாவல் இனம், உருத்திராட்ச இனம், காட்டுச் செண்பகம், பட்டை மரம், இன்னும் தமிழில் பெயர் கேட்டால் காவலரே தலையைச் சொறிகிற இனங்கள் பல. பட்டை மரத்தின் கொழுந்து செம்பு நிறம். கொழுந்து விடும் பருவத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் சோலை பூத்திருக்கிறது என்று எண்ணி ஏமாறுவோம்.

உண்மையில் பூத்திருந்தது சோலையின் ஓரத்திலும் புல்வெளியிலும் தனித்து நின்ற காட்டுப் பூவரசு. பெயரில்தான் பூவரசு; நம் ஊர்ப் பூவரசுக்கும் அதற்கும் உறவில்லை. இரத்தச் சிவப்பான பூங்கொத்துகள், கணு கணுவாகத் திருகிய உடல், தீக்கும் பனிக்கும் அஞ்சாத தடித்த பட்டை. இதன் சொந்தக்காரர்கள் இமயமலைச் சாரலில் இருக்கிறார்கள். நடுவே ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் சமவெளி கிடக்க, இது மாத்திரம் தெற்கே எப்படி வந்தது? பூமி முழுவதும் குளிர்ந்திருந்த பழைய யுகங்களில் குளிர்ப் பிரதேசத்துச் செடிகள் தாழ்ந்த நிலங்களிலும் பரவியிருந்தன என்றும், உஷ்ணம் ஏற ஏற அவை மலைகளின் மேல் ஏறி ஒதுங்கிக்கொண்டன என்றும் சாஸ்திரிகள் கருதுகிறார்கள். வெள்ளத்தின்போது மேட்டில் ஏறி நின்றவன் வெள்ளம் வடியாததால் அங்கேயே குடித்தனம் செய்வது போல.

"இந்த நாவலுக்கு என்ன வயது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"எங்க அப்பாவும் இந்தக் காட்டுக்குக் காவல்தான். அவர் என்னைத் தோளில் தூக்கி வந்தபோதும் இந்த மரம் இதே பருமன்" என்றார் காவலர்.

பாமரப் பேச்சென்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. குறுக்கு வெட்டில் வளையங்களை எண்ணி வயது சொல்லும் வித்தை குளிர்தேசத்து மரங்களுக்கு நன்றாகப் பொருந்தும். வருஷம் முழுவதும் பசுமை குன்றாத சோலை மரங்களில் அவ்வளையங்கள் நம்பும்படியாக விழுவதில்லை. ஆகையால் தனி மரத்தின் ஜாதகத்தைக் கணிப்பது கஷ்டம். ஆனால் சோலையின் ஜாதகம் வேறோரிடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நீலகிரியின் பள்ளங்களில் சில சதுப்பு நிலங்கள் உண்டு. ஆண்டுதோறும் வாடி விழும் புல்லும் இலையும் அந்த ஈரத்தில் அழுகி மட்காமல் கரிய களிபோல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். உதகைக்கு அருகே சாந்திநல்லாவில் உள்ள அத்தகைய படிவுகளை ஆராய்ந்தவர்கள், அடியிலுள்ள அடுக்குகள் 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று கண்டார்கள். இம்மலையின் புல் வகைகள் காற்றிலிருந்து கரியைக் கிரகிக்கும் விதம் ஒன்று. மரங்கள் கிரகிக்கும் விதம் வேறு. அந்த வித்தியாசம் படிவில் அழியாமல் தங்கியிருக்கிறது. எந்தக் காலத்தில் புல் மிகுந்தது, எந்தக் காலத்தில் மரம் மிகுந்தது என்பதை அதைக்கொண்டு படித்துவிடலாம். ஆர். சுகுமார் முதலிய இந்திய விஞ்ஞானிகள் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வகையில் பெயர் பெற்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்து மழை குன்றியிருந்தபோது, இங்கே புல்லின் ராஜ்யம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் மழை வலுக்கவே சோலைகள் மடிப்புகளிலிருந்து வெளியே பரவின. மறுபடி வறட்சி வந்தபோது உள்வாங்கின. புல்லும் சோலையும் இப்படி மூச்சு விடுவதுபோல் விரிவதும் சுருங்குவதுமாக இருந்து வந்திருக்கின்றன.

இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் புல்வெளிகள் யாரோ காட்டை வெட்டியதால் உண்டான தரிசு என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். மனிதன் இம்மலையில் கோடாலி பிடிக்கும் முன்பே புல் இருந்தது என்று அந்தக் கரிய களி சாட்சி சொல்கிறது. சாட்சி வருமுன்பே தீர்ப்பு நிறைவேறிவிட்டது என்பதுதான் சோகம்.

1819-இல் கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையேறினார். அதன் பிறகு நடந்தவை நாடறிந்தவை. வெயிலுக்கு அஞ்சிய துரைமார்கள் இங்கே தங்கள் சொந்த ஊரைக் கண்டார்கள். சென்னை ராஜதானியின் கோடைக்காலத் தலைநகரம் இங்கே வந்தது. பங்களாக்களுக்கும் பட்டாளத்துக்கும் விறகு வேண்டியிருந்தது. அருகிலுள்ள சோலைகள் அடுப்புக்குப் போயின. முப்பது நாற்பது வருஷத்தில் உதகையைச் சுற்றி விறகுப் பஞ்சம் ஏற்பட்டுவிட்டது. அதற்குப் பரிகாரமாகத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் வந்தன. 1860-களில் கற்பூர மரத் தோட்டங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. அவை இல்லாவிட்டால் மிச்சமிருந்த சோலைகளும் சாம்பலாகியிருக்கும் என்பதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். சின்கோனாவும் தேயிலையும் வந்தது வேறு கதை. அவலாஞ்சியில் மீன் பிடித்து விளையாட வேண்டுமென்று சீமையிலிருந்து டிரவுட் மீன் கொண்டுவந்து, 1907-இல் ஒரு குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். ஒரு தேசத்தார் இன்னொரு தேசத்து மலையில் தங்கள் ஊர் மீனைத் தேடிய சிரத்தையை மெச்சுவதா, நகைப்பதா என்று தெரியவில்லை.

தோடர்கள் இந்தப் புல்வெளியில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் புல் செல்வம். பள்ளத்து ஓடை தெய்வ சம்பந்தமுடையது. பால்மடம் கட்டுவதற்கும் கூரை வேய்வதற்கும் அவர்கள் வேண்டிய புல்லும் மூங்கிலும் பிரம்பும் இந்தச் சூழலிலிருந்தே கிடைத்தன. ஆங்கில அதிகாரிகளுடைய ரிகார்டுகளில் அந்தப் புல்வெளிகள் பயனற்ற நிலம் ஆயின. மரம் இல்லாத நிலம் அவர்களுக்கு வீண். வரிசையில் நில்லாத மரமும் வீண்.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, 'எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வினை' என்று ஒரு பெருமூச்சு விட்டு எழுந்துபோகலாம் என்றிருந்தால் எனக்கும் சௌகரியமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு அப்படியில்லை. நீலகிரியின் புல்வெளிகளை அந்நிய மரங்கள் பேரளவில் மூடியது நாம் சுயராஜ்யம் அடைந்த பிறகுதான். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில், தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை வேண்டும், அதை வெளிதேசத்திலிருந்து ஏன் தருவிக்க வேண்டும் என்று கேட்டோம். செயற்கைப் பட்டு நூலுக்குக் கூழ் வேண்டும், கற்பூர மரம் இருக்கிறதே என்றோம். நல்ல எண்ணம், சுதேசி எண்ணம். அதற்காக நட்டதோ ஆஸ்திரேலிய மரம். நட்ட இடமோ அந்நியன் 'வீண் நிலம்' என்று எழுதி வைத்துவிட்டுப் போன இடம். கொடியை மாற்றினோம், அந்தப் பதிவேட்டை மாற்றவில்லை. 1950-களிலும் 1960-களிலும் மலை மலையாக நட்டோம். குந்தாவில் அணைகள் எழுந்தபோது பள்ளங்களிலிருந்த சோலைகளும் சதுப்புகளும் கொஞ்சம் நீருக்கடியில் போயின. மின்சாரம் வேண்டாமென்று இந்த விளக்கடியில் உட்கார்ந்து எழுதும் நான் சொல்ல முடியாது. ஆனால் புல்லை மூடி மரம் நட்டதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

நிற்க. பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சோலையின் நடுவில் காவலர் ஒரு கோலால் தரையைக் குத்தினார். கோல் முழங்கை ஆழம் சிரமமில்லாமல் இறங்கிற்று. இலை, அதன் கீழ் மக்கிய இலை, அதன் கீழ் கரிய மண். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தபோது, மழை பெய்து வாரங்கள் கழிந்திருந்தும், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. பெருமழை இந்தக் கூரையில் முதலில் இலைமேல் விழுகிறது. பிறகு பாசியில் ஊறுகிறது. பிறகு சருகில் இறங்குகிறது. அவசரமில்லாமல் மண்ணுக்குள் போகிறது. சோலைக்கு மேலே உள்ள புல்வெளியும் தன் பங்குக்கு மழையை உள்ளே விடுகிறது. மேகம் தவழும் நாட்களில் மழையே இல்லாமலும் இலை நுனிகளில் நீர் சொட்டுகிறது. சோலையின் கீழ் வாயிலில் ஓர் ஊற்று, அதன் கீழ் ஒரு சதுப்பு, அதிலிருந்து ஓர் ஓடை. அத்தகைய ஓடைகள் கூடிக் குந்தா ஆறு ஆகிறது. குந்தா பவானியில் சேர்கிறது. மேல் பவானியில் இதே மலைத்தொடரில் பிறந்து, கேரளத்துக்குள் போய்த் திரும்பி வரும் பவானிக்கு இது ஒரு பிறந்தகத்துச் சீர். பில்லூரில் அதைத் தேக்கிக் கோவை நகரத்தார் குடிக்கிறார்கள். பவானிசாகரில் மோயாறும் கூடுகிறது. கொடிவேரி, காளிங்கராயன் வாய்க்கால் என்று எங்கள் ஜில்லாவின் நெல்லும் மஞ்சளும் அதன் கீழ் இருக்கின்றன. "அணைகள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பெட்டி; சம்பாத்தியம் இங்கே" என்று நான் மாணவனிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த மண்ணை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை வெறும் உபமானத்தோடு விட வேண்டியதில்லை. உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் அடுத்தடுத்துள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இயற்கையாகவே விட்டு, மற்றொன்றில் 1972-இல் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டு, ஓடைகளில் வரும் நீரை வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து ஆண்டுச் சுற்றில், மரம் நட்ட பக்கத்தில் வருஷ நீர்வரத்து 16 சதவிகிதம் குறைந்தது. மரத்தை வெட்டி அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்க விட்ட இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடிற்று. வேகமாக வளரும் மரம் வேகமாகக் குடிக்கும். இதில் மாயம் ஒன்றுமில்லை. பருத்தி விவசாயிக்கும் தெரிந்த கணக்கு.

சரி, வெட்டிய சோலையை மறுபடி வைத்துவிட்டால் என்ன? இங்கேதான் இந்த மரங்களின் சுபாவம் குறுக்கே நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்கில் புல்நுனியெல்லாம் உறைபனி பூக்கும். திறந்த வெளியில் முளைத்த சோலைக் கன்று அந்தப் பனியில் கருகிவிடும். தாய் மரத்தின் நிழலில்தான் கன்று பிழைக்கும். கன்று இல்லாமல் சோலை இல்லை. சோலை இல்லாமல் கன்று இல்லை. விதையைக் கொண்டுபோய் விதைப்பவர்களும் சோலைக்குள்ளேயே வாழ்கிறவர்கள். பெருவிதைப் பழங்களை விழுங்கக்கூடிய நீலகிரிக் காட்டுப்புறா, கிளைவிட்டுக் கிளை தாவும் கருமந்தி, இருளில் இருந்துகொண்டு ஆளைப் பார்த்துக் கெக்கலிக்கும் சிரிப்பான் குருவி. அந்தக் குருவி எங்கள் தலைக்கு மேல் இருந்து சிரித்தபோது, ஒரு பையன் தன்னைத்தான் யாரோ கேலி செய்வதாகத் திரும்பிப் பார்த்தான். இந்த மலைகளைத் தவிர அதற்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டது. இதே நீலகிரி ஜில்லாவின் கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு பொறுக்காமல், நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்த உத்தரவு, காடு என்பது யாருடைய சொத்தாக இருந்தாலும் காடுதான் என்று இந்தியா முழுமைக்கும் சொல்லிவிட்டது. முக்குருத்தி 1990-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. வரையாட்டுக்கு அங்கே ஒரு புகலிடம் கிடைத்தது. அந்நிய மரங்களை அகற்றி நம் காட்டை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையும் வகுத்திருக்கிறது.

ஆனால் எனக்கு இவற்றிலெல்லாம் அதிகத் திருப்தி தந்தது கோத்தகிரிச் செய்தி. அந்த ஊரை ஒட்டி லாங்வுட் சோலை என்று 116 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சோலை இருக்கிறது. (பெயர் இன்னும் வெள்ளைக்காரப் பெயர்தான், போகட்டும்.) விறகுக்கு வெட்டி வெட்டி அதுவும் அழிந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள கிராமங்களின் கிணற்று நீர் அதன் அடியிலிருந்து வருகிறது என்பதை உணர்ந்த ஊரார், தாங்களே ஒரு குழு அமைத்து, வனத்துறையோடு சேர்ந்து காவல் காத்தார்கள். எந்த மந்திரியும் சொல்லிச் செய்ததன்று. சோலை மறுபடி தழைத்தது. 2024-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் அதன் பெயர் ஏறிற்று. ஒரு காட்டை நீர்நிலை என்று உலகத்தார் ஒப்புக்கொண்டார்கள்! எங்கள் பையன் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடை வேறு கிடையாது.

அப்படியானால் சீகையையெல்லாம் நாளைக்கே வெட்டி எறிந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றிற்று. சோலையிலிருந்து வெளியே வந்து, சீகை மண்டிக் கிடந்த ஒரு சரிவைக் காட்டி, காவலரிடம் கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். "வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாக முளைக்கும், ஸார். விதை மண்ணுக்குள் வருஷக்கணக்காகத் தூங்கும். வெட்டிய இடத்தில் நாலு வருஷம் பிடுங்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். கீழ் ஊரில் விறகு சுமக்கும் பெண்களுக்கு இந்தச் சீகைதான் அடுப்பு. இதை ஒரேயடியாக எடுத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? அங்கேதான்" என்று சோலையைக் காட்டினார். பிறகு, "புல் இருந்த இடத்தில் எடுக்கத்தான் வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே கத்தி ஆகாது. இப்படி வாருங்கள்" என்று சீகைத் தோப்புக்குள் அழைத்துப் போனார்.

அது பழைய தோப்பு. நட்டு நாற்பது ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். மரங்கள் சில தாமே சாய்ந்து கிடந்தன. சோலைக்கு நேர் எதிரே இருந்ததால் பறவைகள் இங்கும் வந்து தங்கும் என்றார். குனிந்து சருகை விலக்கினார். ஒரு சாண் உயரத்தில் நாலைந்து இலையோடு ஒரு கன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. சீகையின் நிழல் உறைபனியைத் தடுக்க, புறாவும் மந்தியும் போட்ட விதைகள் அந்நிய மரத்தின் காலடியிலேயே முளைத்திருந்தன.

"இது நாவல். இது பட்டை. இதற்கு எங்கள் பாஷையில் பிக்கி என்போம், உருத்திராட்ச ஜாதி" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "எத்தனை வயது?" என்று அந்தக் கடைசி வரிசைப் பையன் கேட்டான். "இதற்கு எனக்குக் கணக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் பார்த்து வருகிறேன்" என்றார் காவலர். பையன் தன் நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தான். புத்தகம்தான் உயரம்.

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். கன்றுகளை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம்.